வீட்டுக்குள் ஓர் உப்பளம்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே வந்தால், சாலை அதே சாலையாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ராஜ்யம் மாறிவிடும். அந்த இடத்தின் பெயர்தான் கோட்டக்குப்பம். 1954 நவம்பர் 1-ம் தேதி வரையில் அதற்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. இன்று கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகராட்சி. ஒரு பக்கம் பள்ளிவாசலும் கடைவீதியும்; மறு பக்கம் மீனவர் தெருக்களும் கடலும். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும்.

வாசகர்களே, இந்த முப்பது கிலோமீட்டரும் நாம் சேர்ந்து போகப் போகிறோம். கோயில் தரிசனத்துக்கு அல்ல. காற்று வாங்கவும் அல்ல. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல் நீரை நிரப்பி, வண்ண வண்ணமாய் நாலு கடல் மீன் விடவேண்டும் என்று உங்களுக்கு ஓர் ஆசை இருக்கிறதல்லவா? உங்களுக்கு இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்கு இருக்கும். 2003-ல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்த நாளிலிருந்து எத்தனையோ வீடுகளில் அந்த ஆசை குடிபுகுந்துவிட்டது. அதிலும் நம் வீடுகளில் இடம் ஏது? மேஜை ஓரத்தில் அடங்குகிற சின்னஞ்சிறு தொட்டியாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சின்னத் தொட்டிக்கு எந்த மீன் பொருந்தும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பிரயாணம்.

“மீன் வாங்க மீன் கடைக்குப் போகாமல் உப்பளத்துக்குப் போவானேன்?” என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மீனைப் பற்றித் தெரியவேண்டியதில் பாதி, மீனே இல்லாத அந்த உப்புப் பாத்தியில்தான் இருக்கிறது.

கரையில் காணும் ஆசைகள்

முதலில் கோட்டக்குப்பம் கடற்கரைக்கு வாருங்கள். அலை கரையை அரித்துவிடாமல் இருக்கப் பல இடங்களில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் படகுகள் திரும்பியதும் வலையை உதறுவார்கள். விலை போகும் மீன் கூடைக்குப் போய்விடும். விலை போகாத பொடிசுகள் மணலில் துள்ளும். அங்கேதான் நம் மனமும் துள்ளும். “இத்தனை அழகான குஞ்சை மண்ணில் சாக விடுவதா? ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன?” என்று தோன்றும்.

தோன்றட்டும், ஆனால் கொண்டுபோகாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளி உடம்பில் வில் வில்லாக மூன்று கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு ஒரு குஞ்சு கிடக்கிறதே, அது கீச்சான். பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சட்டை போட்டதுபோல் இருக்கும். குணமோ வேறு. கூட இருக்கும் மீன்களின் செதிலைக் கடித்துத் தின்பது இதற்கு ஒரு வழக்கம். நாளாக ஆக ஒரு சாணுக்கு மேல் வளரும்.

உப்பென்று ஊதிக்கொண்டு உருண்டு கிடக்கிறது பேத்தை. குழந்தைகள் இதைப் பார்த்தால் விடவே மாட்டார்கள். அதன் வாயில் இருப்பது பல் அல்ல, கத்தரிக்கோல். நண்டு ஓட்டையே நொறுக்குகிற அந்த வாய், பக்கத்து மீனின் துடுப்பைச் சும்மா விடுமா? போதாக்குறைக்குப் பல பேத்தைகளின் ஈரலிலும் சினையிலும் கொடிய விஷம்.

பத்து நூறாய்ச் சேர்ந்து ஒரே பந்தாக உருளுகிற, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட கெளுத்திக் குஞ்சுகளும் சில நாள் வலையில் வரும். இதன் முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பெரியவர்களே துடித்துப்போவார்கள். வளர்ந்தால் ஓர் அடி.

மடவைக் குஞ்சு? அது நாள் முழுவதும் கூட்டமாய் ஓடிக்கொண்டே இருக்கப் பிறந்தது. ஒன்றரை அடித் தொட்டியில் விட்டால், ரயில் வண்டியைக் கொல்லைப்புறத்தில் ஓட்டச் சொன்ன கதைதான். ஓராவும் அப்படியே, துடுப்பு முள்ளில் விஷம் வேறு.

இவை எல்லாம் கெட்ட மீன்கள் அல்ல. கடலில் அதனதன் இடத்தில் அதனதன் காரியத்தைச் சரியாகச் செய்கிறவை. கடலுக்குச் சரியான குணம் தொட்டிக்குச் சரிப்படாது என்பதுதான் விஷயம். பெண் பார்க்கும்போது, “நல்ல இடம்தான், ஆனால் நமக்கு ஒத்துவராது” என்று பெரியவர்கள் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

இன்னும் இரண்டு ஆசைகள் உண்டு. அவை ஆசைப்படவே கூடாதவை. ஒன்று, கடல் குதிரை. மற்றொன்று, உயிருள்ள பவளம். இரண்டையும் 2001-ம் ஆண்டிலிருந்து நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. நம் கடலில் இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். “ஒரே ஒரு துண்டுப் பவளம்தானே, அழகுக்கு வைக்கிறேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. எனவே அந்த ஆசையை இந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.

உப்பளம் சொல்லும் பாடம்

முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம், காலாப்பட்டு என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. மரக்காணத்தை நெருங்க நெருங்க மரங்கள் குறைந்து, வானம் பெரிதாகிறது. திடீரென்று பூமி முழுவதும் கண்ணாடி பதித்த மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அவற்றுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு பெண்கள் உப்புச் சுமந்து வரிசையாக வருகிறார்கள். நாம் சாம்பாரில் போடும் அரைக் கரண்டி உப்பின் விலை என்னவென்று அந்தக் கால்களைப் பார்த்தால் தெரியும்.

இங்கே நடப்பது என்ன? கடலோடு தொடர்புள்ள நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து பாத்திக்குப் பாத்தி நகர்த்துகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகின்றன. உப்பை மட்டும் அவற்றால் குடிக்க முடியாது. ஆகவே மிச்சமிருக்கும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. அதை அளக்க ஒரு மிதக்கும் கண்ணாடிக் கருவி உண்டு. ‘போமே’ டிகிரி என்று கணக்கு. சாதாரணக் கடல் நீர் சுமார் மூன்றரை டிகிரி. இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது பாத்தியின் அடியில் உப்பு பூக்கத் தொடங்கும்.

இப்போது உங்கள் வீட்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரம் என்று வைத்துக்கொள்வோம். அது பிடிப்பது 25 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. ஆகத் தொட்டியில் 875 கிராம். ஏறக்குறைய ஒரு கிலோ உப்புப் பொட்டலம் கரைந்து நிற்கிறது! கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. வெயில் காலம். சில நாளில் ஓர் அங்குலம் தண்ணீர் குறைந்துவிடுகிறது. ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டரை லிட்டர் போய்விட்டது; உப்போ அப்படியே இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 39 கிராமாகிவிட்டது. கடலில் வாழும் மீனுக்கு ஒரு நாளும் நேராத மாறுதல் இது. ஆழ்கடல் ஆவியானால் யாருக்குத் தெரியப் போகிறது? சின்னத் தொட்டி ஆவியானால் அது உப்பளமாகிவிடுகிறது.

இதனால் கிடைக்கும் முதல் விதி: குறைந்த தண்ணீரை ஈடுசெய்ய நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. குறைந்தது தண்ணீர்தானே, உப்பு இல்லையே! தொட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, காலையில் கோலம் போட்ட கையோடு அந்தக் கோடு வரை குளோரின் நீக்கிய நல்ல நீரை ஊற்றிவிட்டால் போதும்.

இரண்டாவது விதியைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். மரக்காணத்து உப்பை நல்ல தண்ணீரில் கரைத்தால் மறுபடியும் கடல் நீர் ஆகிவிடுமா? ஆகாது! கடல் நீரில் கரைந்துள்ளவற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்குதான் சமையல் உப்பின் மூலப்பொருள்கள். மீதிப் பதினைந்து பங்கு மெக்னீசியம், கால்சியம், கந்தகச் சேர்க்கை முதலியவை. உப்பளத்துக்காரர் செய்யும் வேலையே இவற்றைப் பிரித்து ஒதுக்குவதுதான். முதல் பாத்திகளிலேயே கால்சியம் ஜிப்ஸமாகப் படிந்துவிடுகிறது. உப்பு விளைந்த பிறகு, மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். நமக்குச் சமையலுக்கு நல்லது. மீனுக்கு அது பட்டினி. அரிசியிலிருந்து மறுபடி நெல்லைச் செய்ய முடியுமா? ஆகவே சமையல் உப்பைக் கரைத்து மீன் விட எண்ணாதீர்கள். கடல் தொட்டிக்கென்றே எல்லாச் சத்துக்களும் சேர்த்த உப்புக் கலவை விற்கிறார்கள். அதைத்தான் வாங்கவேண்டும்.

மீன் இல்லாத ஒரு மாதம்

“சின்னத் தொட்டி என்றால் வேலையும் சின்னதுதானே?” என்று பலரும் நினைக்கிறார்கள். சமையலில் அது சரி. நாலு பேருக்கு வடிப்பதைவிட இரண்டு பேருக்கு வடிப்பது சுலபம். மீன் தொட்டியில் நேர்மாறு. பெரிய அண்டாப் பாலில் ஒரு துளி மோர் விழுந்தால் திரிய நேரமாகும். ஆழாக்குப் பாலில் விழுந்தால் உடனே திரிந்துவிடும். தண்ணீர் குறையக் குறையத் தவறு செய்ய இடமும் குறைகிறது.

மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரு வகை உயிர்களும் தொட்டியின் மணலிலும் கல்லிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரையில் தொட்டியில் தண்ணீர் ஓடட்டும், விளக்கு எரியட்டும். மீன் மட்டும் வேண்டாம். “வெறும் தண்ணீரையா பார்த்துக்கொண்டிருப்பது?” என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உறை ஊற்றிய பால் தயிராகும் வரை பாத்திரத்தை அசைக்காமல் வைக்கிறோமே, அந்தப் பொறுமை உங்களுக்குப் புதிதா?

இன்னும் சில வீட்டு எச்சரிக்கைகள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரைத் தொடாதீர்கள். செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் மடிந்துவிடும். கொசு மருந்தைத் தொட்டி இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. அதிலுள்ள மருந்து கொசுவைவிட மீனுக்குப் பொல்லாதது. குளத்து மீனுக்குப் பொரி போடுகிற புண்ணிய காரியத்தைக் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரின் சூடு 28 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கோடையில் ஒரு சிறு விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே தந்திரம்தான். ஆனால் ஆவியாவது அதிகமாகும். உப்பளத்துப் பாடம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

யாருக்கு இடம்?

சரி, இனி மாப்பிள்ளைத் தேர்வு. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “ஐயா, கடலில் இருக்கும்போது நீர் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீர்?” கடைக்காரர் காட்டும் மஞ்சள் பெட்டி மீன் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், வளர்ந்தால் ஒன்றரை அடி. பயந்தால் விஷம் கக்கித் தொட்டி முழுவதையும் அழித்துவிடவும் கூடும். படத்தில் ‘டோரி’யாக வந்த நீல மீன் ஓர் அடி வளர்ந்து நாள் முழுவதும் பாறைக்குப் பாறை நீந்துவது. வண்ணாத்தி மீன்களில் பல, பவளப் பூச்சியைத் தவிர வேறொன்றும் தொடாமல் பட்டினி கிடந்தே சாகும். நீலமும் கறுப்புமாக மலிவாய்க் கிடைக்கிற டாம்சல் மீன்கள் எதையும் தாங்கும். ஆனால் தொட்டியே தன் சொத்து என்று பட்டா எழுதிக்கொண்டு மற்றவரைக் கடித்து விரட்டும். இவர்களை எல்லாம் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

“நான் எங்கும் போவதில்லை, என் வளையும் நானும் உண்டு” என்று சொல்லும் மீன்தான் நமக்கு வேண்டும். கடலில் அப்படிப்பட்டவை ஏராளம். நம் ஊரில் உளுவை என்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குட்டி மீன்கள் முதல் வரிசை. ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராத வகைகள் அதில் உண்டு. பவளக் கிளையில் குந்தியிருக்கும் மஞ்சள் உளுவை ஒன்று. உடம்பில் நீலக் கோடு மின்னும் ‘நியான்’ உளுவை ஒன்று. கடலிலேயே இவற்றின் உலகம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே 25 லிட்டர்த் தொட்டி இவற்றுக்குச் சிறைச்சாலை ஆகாது.

இதே குடும்பத்தில் இன்னொரு வகை, ஓர் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. இறாலுக்குக் கண் பார்வை மங்கல். ஆனால் வளை தோண்டுவதில் மகா கெட்டி. மீனுக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் நாள் முழுவதும் மண்ணை வாரி வெளியே தள்ளும். மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையால் மீனின் வாலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஒரு தட்டுத் தட்டும். அடுத்த கணம் இருவரும் உள்ளே! சில இரவுகளில் தொட்டியிலிருந்து விரல் சொடுக்குவதுபோல் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பயப்படாதீர்கள், இறால் தன் கொடுக்கைச் சொடுக்குகிறது. இந்த ஜோடி ஒன்று இருந்தால் வீட்டில் தொலைக்காட்சித் தொடருக்கு மவுசு குறைந்துவிடும். ஆனால் வளர்ந்தாலும் மூன்று அங்குலத்தைத் தாண்டாத வகை மீனா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிக்கு மூடியும் அவசியம். மிரண்டால் வெளியே தாவுவது இந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பழக்கம்.

“நீமோ எங்கே?” என்று குழந்தைகள் கேட்கிறார்களா? வருகிறது. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், மூன்று அங்குலம் சொச்சம் வளரும். அதற்கு இரண்டடி நீளமுள்ள, 50 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கடலில் அது கடற்சாமந்தியை விட்டு ஓரிரு கஜம்கூடப் போகாது. ஆகவே அந்த இடம் போதும். கடற்சாமந்தி இல்லாமலே தொட்டியில் சௌக்கியமாக இருக்கும். சிறு தொட்டியில் கடற்சாமந்தியைப் பராமரிப்பது கஷ்டம், அதை வாங்கவே வேண்டாம். பாக் நீரிணைப் பக்கம் கிடைக்கும் ‘செபே’ என்ற கோமாளி மீனும் அழகுதான். ஆனால் ஐந்தாறு அங்குலம் வளர்ந்துவிடும். சின்னத் தொட்டிக்கு ஆகாது.

கோமாளி மீன்களின் குடும்பக் கதை நம் வாசகிகளுக்கு ரசிக்கும். எல்லாக் குஞ்சும் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறி ஆட்சி செய்கிறது. அந்தப் பெண் போய்விட்டால், அடுத்த இடத்திலிருந்த கணவரே பெண்ணாகிச் சிங்காதனம் ஏறிவிடுகிறார்! முட்டைக்குக் காவல் இருப்பதும், துடுப்பால் விசிறுவதும், கெட்ட முட்டையைப் பொறுக்கி எடுப்பதும் பெரும்பாலும் அப்பாவின் வேலை. அந்த வீட்டில் மதுரைதான்; சிதம்பரம் என்ற பேச்சே கிடையாது.

எண்ணிக்கைக் கணக்கு சுருக்கமானது. 25 லிட்டருக்கு ஒரு குட்டி உளுவை. அல்லது ஒரு மீனும் ஓர் இறாலுமாக அந்தக் கூட்டுக் குடித்தனம். 50 லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தால், கூட ஓர் உளுவை. அவ்வளவுதான். ‘இன்னும் ஒன்று’ என்று கை நீளும்போது மரக்காணத்துப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதி உப்பு, பாதி நல்ல நீர்

மரக்காணத்துக்கு வந்தவர்கள் கழுவெளியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்து சேரும். கழிமுகத்தின் வழியாகக் கடல் நீரும் ஏறும். தூர தேசத்துப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். 2021-ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். எனவே இங்கே வலை போடும் யோசனை வேண்டாம். யோசனை மட்டும் எடுத்துக்கொண்டு போவோம்.

அது என்ன யோசனை? முழுக் கடல் நீரைக் கட்டிக் காப்பது மலைப்பாக இருந்தால், பாதி உப்புத் தொட்டி வைக்கலாம் என்பதே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்படிப்பட்ட கழிகளில் வாழும் ஒரு மஞ்சள் மீன் உண்டு. மலையாளத்தார் பள்ளத்தி என்பார்கள். மூன்று அங்குலம், தங்கக் காசு மாதிரி வட்ட உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பார்கள். குஞ்சுகளோ பெற்றோரின் உடம்பில் ஊறும் கோழையையே உணவாகக் கொத்தித் தின்னும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இது பொறுத்துக்கொள்ளும். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். ஒரு ஜோடிக்கு 80 லிட்டராவது வேண்டும் என்பது ஒன்றுதான் தடை. அவ்வளவு இடம் இருந்தால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிடச் சொந்த ஊர்ச் சரக்கு வேறு இல்லை.

எந்தத் தாய் வீட்டுப் பெண்?

கடைசியாக ஒரு கேள்வி. இதுதான் மிக முக்கியம். நீங்கள் வாங்கும் மீன் எங்கே பிறந்தது?

கடலில் பிடித்த வண்ண மீன்களின் கதை சந்தோஷமானது அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கங்களில் பவளப்பாறை இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல காலமாக இருந்து வருகிறது. அதில் மீனும் பின்னால் சாகிறது. பாறையின் பவளமும் சாகிறது. கடையில் பளபளவென்று இருந்த மீன், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காரணம் தெரியாமல் மிதக்கும். “நம் கைராசி சரியில்லை” என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை. அது பிடிபட்ட விதத்தில் இருந்திருக்கலாம்.

இதற்கு மாற்று நம் கரையிலேயே உண்டு. இந்தக் கடலோரமாகவே தெற்கே போனால் வரும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். இன்னும் தெற்கே மண்டபத்தில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். லட்சத்தீவைச் சேர்ந்த அகத்தித் தீவில், தேசிய மீன் மரபுவள நிறுவனத்தார் கற்றுக்கொடுக்க, அந்தத் தீவுப் பெண்களே அலங்கார இறாலும் கோமாளி மீனும் வளர்த்து வருமானம் தேடுகிறார்கள். ஒரு வீட்டுப் பெண் வளர்த்த மீன் இன்னொரு வீட்டுப் பெண்ணின் கூடத்துக்கு வருவது நல்ல சம்பந்தம் அல்லவா? தொட்டியில் பிறந்த மீன், தொட்டித் தண்ணீருக்கும் மனிதர் கைக்கும் பழகியது. கொடுத்த தீனியைத் தின்னும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும்.

அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டும் தீனி எது தெரியுமா? ‘ஆர்ட்டீமியா’ என்ற கடுகளவு உயிர். மீன்கள் வாழ முடியாத கடும் உப்பு நீரில் அது எதிரியே இல்லாமல் பெருகுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உண்டு. அதன் முட்டை காய்ந்த தூளாக வருஷக் கணக்கில் கிடக்கும். உப்பு நீரில் போட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் உயிர் பெற்று நீந்தும். மீனே இல்லாத உப்பளம் மீன் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது!

ஆகவே கடைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, “இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை பாருங்கள். இரண்டாவது, உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை எடுங்கள். மூலையில் மூச்சு வாங்குவதையும் வயிறு ஒட்டியதையும் இரக்கப்பட்டு வாங்காதீர்கள். மூன்றாவது, வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிஷம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் உள்ளே விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டவேண்டாம்.

முதல் நாள் அது கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விளக்கை அணைத்துவிடுங்கள், குழந்தைகளைக் கண்ணாடியைத் தட்டவிடாதீர்கள். புதுப் பெண்ணுக்குக்கூட நாலு நாள் தருகிறோமே! ஐந்தாம் நாள் காலையில் நீங்கள் கோடு வரை தண்ணீர் ஊற்ற வரும்போது, அதுவே வெளியே வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். தொட்டியில் ஒரே மீன்தான் இருக்கிறதே என்ற குறை அப்போது உங்களுக்குத் தோன்றாது.